இல்லாத குழிக்கு ஒதுங்கியவள்

“ஏறு புள்ள. ஏன் அப்பிடியே நிக்கிற?” என்றாள் ஜெயா அக்கா.

துஷாந்தினி ஏறவில்லை. பல மாதமாகத் தார்ப்பாய் போர்த்தி லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிடந்த ரமேஸ் அண்ணனின் சிவப்பு ஆட்டோ அன்று காலை திடீரென்று உயிர்பெற்று அவள் முன்னால் வந்து நின்றிருந்தது. ஆனால் ஓட்டும் இருக்கையில் இருந்தது ரமேஸ் அண்ணன் அல்ல, அவருடைய மனைவி ஜெயலெட்சுமி.

“நீங்களா ஓட்டப் போறீங்க?”

“பின்ன? வண்டிய பெரட்டுல ஆள் கணக்குக்கு நிறுத்தவா கொண்டாந்தேன்?”

“லைசன்?”

“பாரேன், பொலிஸ்காரன் கேக்குறதுக்கு முன்ன இவ கேக்குறா. இருக்கு, முன்கண்ணாடியோரம் செருகியிருக்கேன், பாத்துக்க. படத்துல என் மூஞ்சியப் பாத்து சிரிக்கக் கூடாது.”

துஷாந்தினி ஏறிக்கொண்டாள். பதுளை பஸாரில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தெமோதரை சந்திவரை ஆட்டோ, அங்கிருந்து பஸ். ரமேஸ் அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு சந்திவரை நடந்துதான் போய்க்கொண்டிருந்தாள். அன்று வழியில், கல்லுவளைவு என்ற திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ நின்றது.

“எறங்கு.”

“பழுதாயிருச்சா அக்கா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ரோடுதான் பழுது. எறங்கி அந்தச் சவுக்கு மரம் வரைக்கும் நட. நான் வெறும் வண்டியக் கொண்டாறேன்.”

“ரமேஸ் அண்ணே எறங்கச் சொல்ல மாட்டாரே.”

“சொல்ல மாட்டாரு. அதனாலதான் இப்ப மல்லாக்கப் படுத்துக்கிட்டு கூரைத் தகரத்துல ஓட்டை எங்கெங்க இருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்காரு.”

துஷாந்தினி வேறு எதுவும் பேசாமல் இறங்கி நடந்தாள். வெறும் ஆட்டோ அவளுக்குப் பக்கத்தில், கால் வலிக்கும் மாடு மாதிரி ஒவ்வொரு பள்ளமாக இறங்கி ஏறி வந்தது. சவுக்கு மரத்தடியில் மறுபடி ஏறினாள்.

“கோவமா?”

“இல்ல அக்கா.”

“நீ பேசாம இருந்தா அது கோவமா, சும்மாவான்னு ஒங்க அம்மாவுக்கே தெரியாது. எனக்கு எப்பிடித் தெரியும்?”

கொஞ்ச தூரம் போன பிறகு துஷாந்தினி கேட்டாள்: “அண்ணன பதுளைக்குக் கூட்டிட்டுப் போறதில்லையா? முதுகுக்கு அந்த பயிற்சி வைத்தியம் செய்யச் சொன்னாங்களே.”

“போனோமே. சந்தியில ஆட்டோ ஓட்டுற சதீஸ்குமார் வண்டியிலதான் போனோம். அங்க பாவம், அந்தப் புள்ளைங்க கையக் காலப் புடிச்சு நிமித்தி விடுதுங்க. வர்றப்ப இந்த ரோடு திரும்பவும் மடக்கிக் குடுத்துருது. வீட்டுக்கு வந்து மூணு நாளு மூச்சு விடக்கூட வலின்னாரு. இனி கூப்புடாதன்னுட்டாரு.”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

“என்னைக்கு இந்த ரோட்டுக்குத் தாரு போடுறானுங்களோ, அன்னைக்கு அவர இதே வண்டியில ஒக்கார வச்சு நானே கூட்டிட்டுப் போவேன். அவர் எந்திரிச்சு நடக்கணும். அதுக்குத்தான் இந்தச் சனியன ஓட்டப் பழகுனேன். காலைல வாய் நெறைய சனியன்னு சொல்லிட்டேன் பாரு, நீ கெட்ட சகுனம்னு நெனச்சுக்காத.”

அன்றைக்கு நடந்த பேச்சு அவ்வளவுதான். சந்தியில் இறங்கும்போது துஷாந்தினி சிரித்தாள். ஜெயா அக்கா சிரிக்கவில்லை. கைப்பிடியை விட்டுக் கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

ரமேஸ் அண்ணனுக்கு அடிபட்டது ஊரெல்லாம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருசம். கிடைத்த பெற்றோலைச் சிந்தாமல் கொண்டுவந்து, மேல் லயத்து ஆள் ஒருவரைச் சந்தியில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல மழை. கல்லுவளைவில் ரோடு முழுக்க ஒரே தண்ணீராக நின்றது. எது ரோடு, எது குழி என்று தெரியவில்லை. முன்சில்லு போய் விழுந்த குழி ஒரு ஆள் உட்காரக்கூடிய அளவு. வண்டி குடைசாய்ந்து தேயிலை மலையின் வடிகால் கானுக்குள் போய்க் கிடந்தது. அவருக்கு முதுகெலும்பில் வெடிப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் அந்தக் குழிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்த ரோட்டில் பெரிய குழிகளுக்கெல்லாம் பெயர் உண்டு. தோட்ட மேலாளர் துரையின் ஜீப் மாட்டிக்கொண்டது துரைக்குழி. வட்டமாக, ஆழமில்லாமல் இருந்தது தாம்பாளம். வளைவில் இருந்தது ரமேஸ் குழி. ‘ரமேஸ் குழிகிட்ட எறக்கி விடுங்க’ என்று ஒரு தடவை யாரோ தெரியாமல் சொல்லிவிட, ஜெயா அக்கா அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தினாள்.

“எம் புருசன் அங்கயா படுத்திருக்காரு? வீட்டுல படுத்திருக்காரு. பேரு சொல்லணும்னா அந்தக் குழிய மூடாம விட்டானே, அவன் பேரச் சொல்லு.”

மூட வேண்டியவர் யார் என்பதுதான் யாருக்கும் விளங்காத கேள்வி. தோட்டத்து ஒபீஸில் கேட்டால், ரோட்டை எப்போதோ அரசாங்கத்துக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அரசாங்கத்து ஒபீஸில் கேட்டால், எழுத்தில் இன்னும் அது தோட்டத்து ரோடு என்றார்கள். இடையில் ரோடு பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது. ஒரு முறை இளவட்டங்கள் கோபத்தில் குழிகளுக்குள் தேயிலைக் கன்றுகளை நட்டு வைத்தார்கள். படம் பிடித்து எங்கெங்கோ போட்டார்கள். மறுநாளே தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் சந்தோசம். அவர்கள் வந்தது கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டு போக. கன்று வளர்க்கும் தவறணையிலிருந்து யார் எடுத்துக் கொடுத்தது என்று ஒரு விசாரணையும் நடந்தது. குழிகளை யாரும் விசாரிக்கவில்லை.

ஜெயா அக்கா கல்யாணம் முடித்த நாளிலிருந்து கொழுந்து பறித்தவள். கூடையைத் தலையில் கட்டினால் மலையில் அவளுக்கு முன்னால் யாரும் போக முடியாது என்பார்கள். அப்படிப்பட்ட கையைத்தான் ஆட்டோவுக்குத் திருப்பினாள். ஓட்டச் சொல்லிக் கொடுத்தது ரமேஸ் அண்ணன். அதுவும் படுக்கையில் இருந்தே. சோற்றுக் கோப்பையின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து, “இது ஹேண்டில். இப்பிடி முறுக்குனா வேகம். இந்தக் கை கிளட்ச்சு. கிளட்ச்ச பட்டுனு விடாத, வண்டி துள்ளும்” என்று காட்டுவார். அவள் வெளியே போய் வண்டியில் செய்து பார்ப்பாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்து சத்தம் வரும்.

“துள்ளுது! நான் சொன்னேன்ல!”

“படுத்துக்கிட்டு எல்லாம் சொல்லலாங்க. வந்து ஒக்காந்து பாருங்க!”

அப்படிச் சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொள்வாள். உள்ளே மூடியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு, “சரி, இன்னொருக்கா எடு” என்பார்.

இதையெல்லாம் துஷாந்தினி பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்து கேட்டவள். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர்தான், அதுவும் கூரைவரை எட்டாத சுவர்.

ஜெயா அக்கா ஓட்டத் தொடங்கிய பிறகு கல்லுவளைவில் இறங்கி நடப்பது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. ஆட்டோவில் யார் வந்தாலும், எவ்வளவு அவசரமென்றாலும், வளைவுக்கு முன்னால் இறங்க வேண்டும். நடக்க முடியாத நோயாளியை ஏற்றினால் மட்டும் அவளும் இறங்கி விடுவாள். நோயாளி உள்ளே இருக்க, மற்றவர்கள் பின்னால் பிடித்துக்கொள்ள, வண்டியைத் தள்ளியே குழிகளைக் கடத்துவார்கள். சீலைப் பொட்டணத்தோடு கிழமைக்கு ஒரு நாள் தோட்டத்துக்கு வரும் லத்தீப் நானாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை.

“தங்கச்சி, ஆட்டோவுக்கு ஏறினா நடக்க வெக்கிறது இந்த ஒலகத்துல நீ ஒருத்திதான்.”

“நீங்க நடங்க நானா. ஒங்க பொட்டணம் வண்டியிலதான் வருது. அது கெட்டிக்காரப் பொட்டணம், வாய் பேசாது.”

மற்றவர்கள் சிரிக்க, லத்தீப் நானாவும் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நடப்பார். அந்த நடைக்குள் எத்தனையோ காரியங்கள் நடந்தன. ஒரு பொம்பளைக்குப் பிள்ளை உண்டான செய்தி அங்கேதான் முதலில் வெளியே வந்தது. ஒரு சண்டை அங்கே தொடங்கி, சவுக்கு மரத்தடியில் முடிந்திருக்கிறது. துஷாந்தினி மட்டும் எல்லோருக்கும் பின்னால் பேசாமல் நடப்பாள். அவளுக்குப் பிடித்தது ஜெயா அக்கா ஓட்டுவதைப் பின்னால் இருந்து பார்ப்பது. வெறும் ஆட்டோ துரைக்குழிக்கு வலது பக்கம் ஒதுங்கி, தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி, உடனே இடது பக்கம் வந்து, ரமேஸ் குழிக்கு முன்னால் ஒரு கணம் நின்று, பிறகு கானோரமாக மெதுவாகக் கடந்துபோகும். தினமும் ஒரே மாதிரி. மழையில் தண்ணீர் நிறைந்து ஒன்றுமே தெரியாத நாட்களிலும் அதே மாதிரி. பழகிய கை கொழுந்து கிள்ளும்போது கண் எங்கேயோ இருக்குமே, அப்படி.

பிறகு ஒரு மாசி மாதம் எந்தச் சொல்லும் இல்லாமல் இயந்திரங்கள் வந்தன. ஏன் இப்போது வந்தன என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் திரும்பிப் போய்விடுமோ என்ற பயம். தார் மணம் லயம்வரை அடித்தது. துணி காயப் போட முடியவில்லை, இருமல் வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு புது ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார்கள்.

வேலை முடிந்த மறுநாள் ஜெயா அக்கா ஆட்டோவுக்குப் பூ வைத்துக் கொண்டுவந்தாள். துஷாந்தினி, லத்தீப் நானா, மேல் லயத்துப் பெரியாயி அக்கா மூவரும் இருந்தார்கள். கல்லுவளைவு வந்தது. ஆட்டோ நின்றது. லத்தீப் நானா இறங்கினார், பெரியாயி அக்கா இறங்கினாள். இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“நாம எதுக்கு எறங்குனோம்?” என்றாள் பெரியாயி அக்கா.

“வண்டி நின்டிச்சு, எறங்குனோம்.”

“ஏன்டி ஜெயா, நீ எதுக்குடி நிப்பாட்டுன?”

ஜெயா அக்கா கைப்பிடிமேல் தலையை வைத்துச் சிரித்தாள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைத் துஷாந்தினி அன்றுதான் பார்த்தாள். இருவரும் மறுபடி ஏற, சந்திவரை நால்வரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அதனால் இன்னொன்றை மற்ற இருவரும் கவனிக்கவில்லை. வழவழவென்று கிடந்த ரோட்டில் ஆட்டோ வலது பக்கம் ஒதுங்கியது, இடது பக்கம் வந்தது, கானோரமாகப் போனது. துஷாந்தினி கவனித்தாள். புது ரோட்டில் விளையாட்டாக ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அது விளையாட்டு இல்லை. அவளுடைய கை அப்படித்தான் போனது.

ரோடு நல்லதானதும் அது வெறும் தோட்டத்து ரோடாக இருக்கவில்லை. பண்டாரவளைப் பக்கமிருந்து வரும் லொறிகள் சுருக்கு வழி என்று இதில் இறங்கத் தொடங்கின. முன்னர் அந்த ரோட்டில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால், ஒன்று நின்று மற்றதுக்கு வழிவிட்டு, இரண்டு ஓட்டுநரும் சுகம் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். இப்போது நிற்க யாருக்கும் நேரமில்லை. ஒரு காலையில் மரக்கறி லொறி ஒன்று வேகமாக இறங்கி வந்தது. சரியாக அந்த நேரம் ஜெயா அக்கா, இல்லாத துரைக்குழிக்கு வலது பக்கம் ஒதுங்கினாள்.

லொறியின் ஹோர்ன் மலை முழுக்கக் கேட்டது. ஆட்டோவுக்கும் லொறிக்கும் இடையில் ஒரு கை வைக்கும் இடம்கூட இல்லை. லொறியிலிருந்து உருண்ட பீட்றூட் கிழங்குகள் ரோடு முழுக்க ஓடின. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் சவுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் நின்ற பொலிஸ்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

அவர் வந்ததும் முதலில் செய்தது, ஜெயா அக்காவின் முகத்துக்கு நேரே, குடித்திருக்கிறாளா என்று பார்க்கும் பலூனை நீட்டியது.

நெற்றியில் விபூதியோடு, கழுத்தில் தாலியோடு, வழியில் போகிற வருகிற சனம் எல்லாம் பார்த்திருக்க, ஜெயா அக்கா பலூனை ஊதினாள். அவளுக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும், பேரம் பேசி வெல்லுவாள். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. பலூனில் ஒன்றும் இல்லை என்றதும் பொலிஸ்காரருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

“குடிக்கவும் இல்லை. பிறகு ஏன் ரோட்டின் நடுவுக்கு வந்தாள்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

துஷாந்தினி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியிலும் பரிசு வாங்கியவள்தான். ஆனால் ஆட்களுக்கு முன்னால் வாய் திறப்பது அவளுக்கு எந்த மொழியிலும் கஷ்டம்.

“சேர், அங்கே ஒரு குழி இருந்தது” என்று சிங்களத்தில் சொன்னாள்.

“எங்கே?”

அவள் காட்டினாள். பொலிஸ்காரர் நடந்து போய்ப் பார்த்தார். கறுப்பாக, கண்ணாடி போலக் கிடந்தது ரோடு. பூட்ஸ் காலால் தட்டியும் பார்த்தார்.

“குழி இல்லையே.”

“இப்போது இல்லை, சேர். போன மாதம் இருந்தது.”

“போன மாதக் குழிக்கு இந்த மாதம் ஒதுங்கினாளா?”

“ஆமாம், சேர்.”

பொலிஸ்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு துஷாந்தினி, யாரும் கேட்காமலே, இந்த அக்காவின் புருசன் எந்தக் குழியில் விழுந்தார், அதற்குப் பிறகு அவள் எத்தனை காலம் இந்த வளைவில் ஆட்களை இறக்கி நடக்க வைத்தாள் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே போனது, ஆனாலும் முடித்தாள். பொலிஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “எங்கள் ஊரிலும் ரோடு இப்படித்தான்” என்றார். லொறிக்காரனை அதட்டினார். ஜெயா அக்காவிடம், “நேரே பார்த்து ஓட்டு, அக்கா” என்று சொல்லிவிட்டுப் பீட்றூட் பொறுக்க உதவினார்.

அன்று பின்னேரம் சிவப்பு ஆட்டோவுக்கு மறுபடி தார்ப்பாய் போர்த்தியாயிற்று.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் ஜெயா அக்காவுக்குக் கஷ்டமானவை. ரமேஸ் அண்ணனுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் மறுபடி நாள் கொடுத்திருந்தார்கள். ரோடு போட்டாயிற்று என்று தெரிந்ததும் துஷாந்தினிதான் விசாரித்து வாங்கி வந்த நாள் அது. இந்த முறையும் இடையில் விட்டால் கால்கள் இன்னும் மெலிந்துவிடும், பிறகு நடக்க வைப்பது லேசில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். சதீஸ்குமார் தன் வண்டியைக் கொண்டுவரத் தயாராக இருந்தான். ரமேஸ் அண்ணன் சம்மதிக்கவில்லை.

“ஜெயா ஓட்டுனா வர்றேன். இல்லாட்டி இங்கயே கெடக்குறேன்.”

“ஏங்க, அந்தத் தம்பி நல்லா ஓட்டும்ல?”

“அவன் நல்லாத்தான் ஓட்டுவான். எனக்கு எங்க வலிக்கும்னு அவனுக்குத் தெரியாது.”

லொறி விசயம் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து துஷாந்தினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லவில்லை.

ஜெயா அக்கா மத்தியானங்களில், ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தார்ப்பாயை எடுத்துவிட்டு வெறும் வண்டியோடு கல்லுவளைவுக்குப் போய் வந்தாள். நேராக ஓட்டிப் பழகத்தான். அவர் கேட்டால் பெற்றோல் அடிக்கப் போனேன் என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் தண்ணீர் விழக் குடத்தை வைத்துவிட்டுத் துஷாந்தினியிடம் கையை நீட்டிக் காட்டினாள்.

“இந்தக் கையப் பாரு புள்ள. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. கண்ணு பாக்குது, ரோடு நல்லாருக்குன்னு. மனசும் சொல்லுது, நேராப் போடின்னு. அந்த எடம் வந்தா கை பாட்டுக்கு ஒடிக்குது. குழியெல்லாம் மூடிட்டானுங்க. எனக்குள்ள இருக்குறத யாரு வந்து மூடுறது?”

துஷாந்தினி அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்துக் காம்பு வெட்டிய பழைய கோடுகள் அதில் கறுப்பாக இருந்தன.

“அவரு வண்டிக்குள்ள இருக்கறப்ப நான் அப்பிடி ஒதுங்கி, எதுக்க ஒருத்தன் வந்தா?” என்றாள் ஜெயா அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ ஒரு நாள் லீவு எடுப்பியா? பின்னால அவரோட ஒக்காரு. நான் ஒடிக்கப் போறது ஒனக்குத் தெரியும், நீ எத்தன நாளு பின்னால நடந்து பாத்தவ. ஒடிக்கப் போறேன்னு தெரிஞ்சா தோள்ல ஒரு தட்டுத் தட்டு. வாயால சொல்லாத. அவருக்குத் தெரிஞ்சா பயந்துருவாரு” என்றாள்.

“சரி அக்கா.”

“வாயால சொல்லாதன்னா ஒனக்கு அது கஷ்டமா இருக்காது.”

இப்போது ரமேஸ் அண்ணன் கோலூன்றிப் பீலிவரை நடக்கிறார். வெயில் இருந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவரை போய், அங்கே வாசல் கட்டின் மேல் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளுக்கெல்லாம் குறை சொல்லிவிட்டு வருகிறார். பதுளைக்கும் தோட்டத்துக்குமாக அவர்கள் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டார்கள். ஜெயா அக்காவின் கையும் மெல்ல மெல்லப் புது ரோட்டைப் பழகிக்கொண்டது. மழை நாட்களில் மட்டும், ரோட்டில் தண்ணீர் நின்றால், கொஞ்சம் தடுமாறும். ஆனால் துஷாந்தினிக்கு நினைவில் நிற்பது அந்த முதல் பயணம்தான்.

மாதா கோயில் மணி அடித்த பிறகு, வெயில் வந்ததும் புறப்பட்டார்கள். லயத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ரமேஸ் அண்ணனைக் கம்பளியோடு தூக்கி, இரண்டு தலையணைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். “எனக்கென்ன பேறுகாலமா?” என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, முகம் வெளிறியிருந்தது. துஷாந்தினி அவருக்குப் பக்கத்தில் ஏறி, முன்னால் கையை நீட்டி ஜெயா அக்காவின் தோளுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

வண்டி எறும்பு போல ஊர்ந்தது. கல்லுவளைவு வந்தபோது துஷாந்தினி ரோட்டைப் பார்க்கவில்லை, ஜெயா அக்காவின் முழங்கையைப் பார்த்தாள். துரைக்குழி இருந்த இடத்துக்கு முன்னால் அந்த முழங்கை லேசாக உயர்ந்தது. தட்டினாள். முழங்கை இறங்கியது. வண்டி நேரே போனது.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ரமேஸ் அண்ணன் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். கம்பியைப் பிடித்த கை வெளுத்துப் போயிருந்தது. வண்டி கொஞ்சமும் குலுங்கவில்லை. ஆனாலும் அவர் உடம்பு, துரைக்குழியின் குலுக்கலுக்கு முன்கூட்டியே இறுகி, இடது பக்கம் சாய்ந்து, வராத அடிக்கு வலித்துக்கொண்டிருந்தது. தாம்பாளம் இருந்த இடம் வந்தது. முன்னால் ஜெயா அக்காவின் முழங்கை உயர்ந்தது, பின்னால் அவர் பல்லைக் கடித்தார். இரண்டும் ஒரே கணத்தில். அவரும் எத்தனை வருசம் இதே ரோட்டில் ஓட்டியவர்.

துஷாந்தினி தோளில் தட்டினாள். தட்டிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். “அக்கா” என்றாள்.

ஜெயா அக்கா முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளைவின் நடுவில் அவர் விழுந்த அந்தப் பெரிய குழியின் இடம் இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்தது. அவள் ஓரமாக எடுத்து வண்டியை நிறுத்தினாள். எதிரே ஒரு லொறி வந்து, கடந்து, இறங்கிப் போனது.

“என்ன ஜெயா, வந்துட்டமா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் ரமேஸ் அண்ணன்.

அவள் துஷாந்தினியின் பக்கம் மெதுவாகத் தலையைச் சாய்த்து, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“புள்ள, நான் சொன்னா ஒன் வேலையப் பாத்து ஓட்டுடின்னு வைவாரு. நீ சொன்னா கேப்பாரு. கண்ணத் தொறந்து ரோட்டப் பாக்கச் சொல்லு. அவரு பாத்து முடியிற வரைக்கும் நான் வண்டிய எடுக்க மாட்டேன்.”